பெரிய கற்களை எடுத்த ஞாயிறு

ஆற்றில் கல் நகரும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆற்றோர லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மேலே மலையில் மழை பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஆறு பால் டீ நிறத்துக்கு மாறிவிடும். தண்ணீர் இரைச்சலுக்கு அடியில் கொடகொடவென்று இன்னொரு சத்தம் கேட்கும். ஒரு லோரி ஜல்லியை மெதுவாகச் சாய்த்துக் கொட்டுவதைப் போல இருக்கும். மறுநாள் தண்ணீர் தெளிந்து ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். ஆனால் நேற்று வரை உட்கார்ந்து கால் கழுவிய கல் அந்த இடத்தில் இருக்காது. அது எங்கே போனது, ஏன் போனது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். மலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவேன், கொட்டுவேன், திரும்புவேன். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. கம்போங் ராஜாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் பாதையில் ஒரு வளைவு கூட எனக்குப் புதிதில்லை. என் வாயும் கொஞ்சம் நீளம். எதற்கும் எனக்குத் தெரியும் என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுவேன். இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

கீழ் லயத்தைத் தாண்டி ஆறு ஒரு முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடக்கில் எங்கள் இடுகாடு. எங்கள் மூத்த மகள் அங்கே இருக்கிறாள். முப்பத்தெட்டு நாள் எங்களோடு இருந்தாள். அவளுக்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்து, வளர்ந்து, ஒருவன் ஈப்போவிலும் ஒருவன் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். இருந்தாலும் என் மனைவியிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இன்றைக்கும் மூன்று என்றுதான் சொல்லுவாள்.

பச்சைக் குழந்தைக்குப் பாடை கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. அப்பன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், அவனே குழியில் இறங்கி, படுக்க வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்து வழக்கம் அது. வேறு யாரும் தொடமாட்டார்கள். நான்தான் வைத்தேன். சிமெண்டு போட்டுக் கட்டுவதும் குழந்தைகளுக்கு வழக்கமில்லை என்பதால், ஆற்றில் இறங்கி ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து தலைமாட்டில் நட்டேன். ரொட்டி அளவுக் கல். கறுப்பு. நடுவே ஒரு வெள்ளைக் கோடு சுற்றி ஓடும். ஒவ்வொரு வருஷமும் அவள் போன தேதியில் என் மனைவி ஒரு டம்ளர் பாலோடு போய் அந்தக் கல்லின் மேல் ஊற்றுவாள். குழந்தைக்குத் திதி கிடையாது என்று கோயில் பண்டாரம் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஆறு மாறியது. மேலே மலைகளைச் சீவிப் படிப்படியாக வெட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டுக் காய்கறி வைத்தார்கள். அவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போய்விட முடியாது. கியா பார்ம் சந்தையில் வண்டியை நிறுத்தி அந்தத் தக்காளியை நானும்தான் வாங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் சரளைக்கல் வண்டி வண்டியாக வந்தது. மடக்கில் தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில், அக்கரை ஓரமாக, இறங்கிப் படுத்துக்கொண்டது. முதலில் ஒரு பாய் அகலம் இருந்த கல்திட்டு, இரண்டு மூன்று வருஷத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. திட்டு வளர வளர, தண்ணீர் போக்கிடம் இல்லாமல் எங்கள் பக்கம் சாய்ந்தது. கரை கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தது. குழந்தையின் கல்லிலிருந்து கரை விளிம்புக்கு முன்பெல்லாம் என் காலால் இருபத்திரண்டு அடி. அது பதினைந்தாகி, ஒரு வருஷக் கடைசி மழைக்குப் பிறகு ஒன்பதாகிவிட்டது.

அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகக் கேட்டாள்.

"என்னங்க, பாப்பாவை மேல கொண்டு போயிருவோமே. டவுன் பக்கத்துல இடுகாட்டுக்குப் புது எடம் குடுக்குறாங்களாம்ல."

"தூங்குற புள்ளய எழுப்பச் சொல்றியா?"

"தண்ணி வந்து எழுப்புறதுக்கு முன்னாடி நாம எழுப்புனா என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் கோபமில்லை, பயம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தோண்டினால் உள்ளே என்ன இருக்கும்? ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததை என் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்கு அந்தப் பயமே இல்லை. ஒரு பிடி மண் கிடைத்தால் போதும் என்றாள். வைத்தவன் நான் என்பதால் எடுப்பதும் நானாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே நான் மாட்டேன் என்றால் அது நடக்காது. நான் மாட்டேன் என்றேன்.

துரையிடம் போய்ச் சொன்னேன். துரை நல்ல மனிதர். தோட்டத்து மேனேஜர் என்றாலும் நேரே வந்து கரையில் நின்று பார்த்தார். கரையைக் கட்டித் தரச் சொல்லிக் கடிதம் எழுதி என் கையிலேயே கொடுத்தார். தானா ராத்தா அரசாங்க ஆபீசுக்குப் போய்க் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாக வாங்கி முத்திரை குத்தினார். வீடு, ரோடு, பாலம் இதெல்லாம்தான் முதலில் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்கள் வரிசையில் முன்னால் நிற்கும்போது செத்தவர்களுக்கு யார் மண்வாரி வண்டி அனுப்புவார்கள்? திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்டேரிங்கைக் குத்திக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாமே சுவர் கட்டினால் என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. துரை லோரியைக் கொடுத்தார். லயத்து ஆட்கள் பதினோரு பேர், கொழுந்து பறிக்க வந்த பங்களாதேஷ் பையன்கள் இரண்டு பேர், கடப்பாரை, இரும்புக் கயிறு, ஏற்றுவதற்குக் கனமான பலகை. கல் எங்கே எடுப்பது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாதா என்ன? மடக்குக்குச் சற்று மேலே ஆறு அகலமாக, கணுக்கால் ஆழத்தில் ஓடும். அங்கே படுகை முழுக்கப் பெரிய பெரிய கற்கள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, வரிசையாக உட்கார்ந்திருக்கும். லோரியைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் இறக்கலாம். இதைவிட வசதி வேறெங்கே?

"இருக்குறதுலயே பெருசாப் பார்த்து எடுங்கடா. சின்னதை எல்லாம் தண்ணி அள்ளிட்டுப் போயிரும் லா" என்று கத்தினேன்.

முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பினோம். அது லேசில் வரவில்லை. பக்கத்துக் கல்லோடு பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருந்தது. நான்கு பேர் சேர்ந்து தொங்கியதும் 'சப்'பென்று பெயர்ந்தது. அடியில் மஞ்சளாக, ஈரமாக, நெல்லிக்காய் அளவில், பட்டாணி அளவில் பொடிக்கற்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அந்தக் குழிக்குள் புகுந்து அவற்றில் ஒரு கைப்பிடியை உருட்டிக்கொண்டு போனது. என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். நான் அடுத்த கல்லைக் காட்டினேன்.

மாலைக்குள் ஏழு நடை. இடுகாட்டுக் கரையோரம் நெஞ்சளவுக்குச் சுவர் எழும்பிவிட்டது. பெண்கள் பீகூன், அதாவது அரிசிச் சேமியா, பிரட்டிக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு பையன் சுவர்மேல் ஏறிக் குதித்துக் காட்டினான். அசையவில்லை. என் மனைவி மட்டும் அருகே போய் உள்ளங்கையை ஒரு கல்லின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தாங்குமாங்க?"

"லோரிய ஏத்தி நிறுத்துனாலும் தாங்கும்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆற்றைப் பற்றிப் படிக்கிற பெண். ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. ஆற்றில் இறங்கி அளக்க வேண்டுமாம். துணைக்குப் போய் வா என்று துரை என்னை அனுப்பினார். அது செய்த வேலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரில் ஓர் அடி எடுத்து வைக்கும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குனியும், கால் கட்டைவிரல் நுனியில் எந்தக் கல் தட்டுப்படுகிறதோ அதை எடுத்து அளவுகோலில் வைத்துப் பார்த்து எழுதும். மறுபடி ஓர் அடி. மறுபடி ஒரு கல்.

"பார்த்து எடுத்தா என்னம்மா?"

"பார்த்தா கை நல்ல கல்லாத் தேடிப் போகும் அங்கிள். அப்புறம் ஆறு என்ன வெச்சிருக்குன்னு தெரியாது, எனக்கு என்ன பிடிக்கும்னுதான் தெரியும்."

கெட்டிக்காரப் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன். மடக்குக்கு மேலே வந்ததும் அது அளப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"அங்கிள், இங்க மேல இருந்த பெரிய கல்லெல்லாம் எங்க?"

நான் பெருமையாகச் சுவரைக் காட்டினேன். நாங்கள் எத்தனை பேர், எத்தனை நடை என்றெல்லாம் அளந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்த்ததும்தான் வாயை மூடினேன். அது குனிந்து, மிச்சமிருந்த ஒரு பெரிய கல்லின் பின்புறம் விரலை விட்டுக் காட்டியது. கல்லின் மறைவில் பொடிக்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"சின்னது எல்லாம் பெருசுக்குப் பின்னாலயும் அடியிலயும் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும் அங்கிள். பெரிய கல்லுதான் இதுக்குக் கூரை. கூரை இருக்குற வரைக்கும் சாதா மழைக்கு இது நகராது. கூரையை எடுத்துட்டா..." என்று நிறுத்தி, "ஒரு நல்ல மழை வந்தாப் போதும். மொத்தப் படுகையும் கிளம்பிரும். கீழ இருக்குற திட்டு இன்னும் வளரும்" என்றது.

"அதுக்குத்தான் சுவர் இருக்கே."

"சுவரோட காலு எது மேல நிக்குது அங்கிள்?"

சுவரின் கால் அதே பொடிக்கல்லின் மேல்தான் நின்றது. அந்தப் பிள்ளை மேல் எரிந்து விழுந்தேன். படிக்கிறவர்கள் எல்லாம் கடைசியில் வந்து இதைத்தான் சொல்வீர்கள் என்று ஏதேதோ சொன்னேன். அது அளவுகோலை எடுத்துப் பையில் வைத்தது. மத்தியானம் எங்கள் வீட்டில் என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. அந்த நேரம் நான் லோரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வெளியே நின்றிருந்தேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து தனியாகப் போனேன். சுவரிலிருந்து இரண்டு கற்களைப் பெயர்த்து, கயிறு கட்டி இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டேன். ஏறி நின்றால் இரண்டும் ஆடின. எத்தனை வெள்ளம் வந்து, எத்தனை வருஷம் தட்டித் தட்டி உட்கார வைத்த கல்லோ, நான் ஒரு சாயங்காலத்தில் போட்டால் உட்காருமா? திருப்பி எல்லாவற்றையும் போட்டால் கரை வெறுமையாகிவிடும். போடாவிட்டால் படுகை வெறுமையாக இருக்கும். எதைச் செய்வது என்று புரியாமல் தண்ணீரிலேயே நின்றேன்.

அன்றைக்கு ஒன்று செய்திருக்கலாம். வீட்டுக்குப் போய், நான் செய்தது தப்பாகிவிட்டது, வா, பாப்பாவை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மண்வெட்டி, அரை நாள். அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. லோரி ஏற்றினாலும் தாங்கும் என்று ஊர் முன்னால் சொன்ன வாய். தீபாவளி கழியட்டும், பையன்கள் வந்துவிட்டுப் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மலை தெரியவில்லை. கொழுந்து ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்தவன், பாதி வழியிலேயே சத்தத்தைக் கேட்டேன். வழக்கமான கொடகொட இல்லை. நிறுத்தாமல், ஒரே இரைச்சலாக, பூமிக்குள்ளேயே அரைக்கிற மாதிரி இருந்தது. லோரியை நடு ரோட்டில் போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள். கொழுந்து பறிக்கும்போது சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டிருந்தாள். மடக்குக்கு மேலே, நாங்கள் பெரிய கற்களை எடுத்த இடம் முழுவதும் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் நகர்வது வேறு. அங்கே தரை நகர்ந்தது. வெள்ளம் நேரே வந்து சுவரில் மோதி உடைக்கும் என்றுதான் நான் பயந்திருந்தேன். அது சுவரைத் தொடக்கூட இல்லை. சுவரின் காலடியில் இருந்த பொடிக்கல்லை மட்டும் உருவிக்கொண்டு போனது. அடிக்கல் ஒன்று முன்னால் சரிந்தது. பிறகு அதற்கு மேலிருந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, நாங்கள் அடுக்கிய வரிசையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டது ஆறு.

கரை பிளக்கும்போது அவள் முன்னால் போனாள். நான் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க. கல்லையாச்சும் எடுத்துக்கறேன், விடுங்க."

வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கல் ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவளை விட்டால்தான் என்னால் கையை நீட்ட முடியும். விட்டால் அவளும் போய்விடுவாள். நான் விடவில்லை. கல் ஒரு பக்கம் சாய்ந்தது. மண்ணோடு சேர்ந்து இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அத்தனை பேர் சேர்ந்து தூக்கிய கற்கள் போவதைப் பார்த்துக்கொண்டு, நான் ஒரு பெண்ணின் இடுப்பைப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உபயோகமில்லாதவனாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. கல்திட்டு இப்போது எங்கள் கரை வரைக்கும் வந்துவிட்டது. இருவரும் இறங்கித் தேடினோம். கறுப்புக் கல்லில் வெள்ளைக் கோடு என்றால் ஒன்றுதான் இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தத் திட்டில் அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து "இதுவா?" என்று காட்டினேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். வெயில் ஏறிய பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான் கெடுத்தேன். பெரிய கல்லை எடுத்திருக்கக் கூடாது. அந்தப் புள்ள அன்னிக்கே சொல்லுச்சு" என்றேன்.

"தெரியும். டீ குடிக்கும்போது என்கிட்டயும் சொல்லுச்சு."

கையிலிருந்த கல்லைக் கீழே போட்டேன். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"வெச்ச கை உங்க கை. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தத் தேதி வந்தது. டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கே ஊற்றுவது? "எது வரைக்கும் போயிருக்கும்?" என்று என்னைக் கேட்டாள். வழியெல்லாம் தெரிந்தவன் நான்தானே. முதல் நாளே ஈப்போப் பெண்ணுக்குப் போன் போட்டிருந்தேன். "சொல்ல முடியாது அங்கிள். ஒரு வெள்ளத்துல ஓரடி போகும், ஒரு மைலும் போகும். எங்கயாச்சும் புதைஞ்சு வருஷக்கணக்கா நகராமலும் இருக்கும்" என்றது. அதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது? தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற பாலத்தில் வண்டியை நிறுத்தி, இங்கேதான் என்றேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டு பாலை ஊற்றினாள்.

இந்த வருஷமும் கேட்டாள். வருஷக் கடைசியில் நல்ல மழை பெய்திருந்தது. அதே பாலத்தைக் காட்டினால் சரியாக இருக்காது என்று ஆறு போகும் திசையில் கம்போங் ராஜாப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய், ரோடு ஆற்றை ஒட்டி வரும் இடத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கி, திரும்பி, நாங்கள் வந்த தூரத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரமா வந்துட்டா?"

"கொஞ்சம்தான்" என்றேன்.

குனிந்து பாலை ஊற்றினாள். அது தண்ணீரில் ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்து கரைந்தது. டம்ளரை அலசிக்கொண்டே, எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"சின்னப் புள்ளதானே. ரொம்ப தூரம் போயிருக்க மாட்டா. எங்கயாச்சும் ஒரு பெரிய கல்லு பின்னால ஒளிஞ்சிக்கிட்டு இருப்பா."

இருப்பாள் என்றேன். மடக்குக்கு மேலே இருந்த பெரிய கற்களை எல்லாம், இருக்கிறதிலேயே பெரிதாகப் பார்த்து எடுக்கச் சொன்னவன் நான்.